வாடகைக்கு விட வீடு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் சகோதரர்கள் பலர் ஜுமுஆ முடிந்ததும் பள்ளிவாசல் வராண்டாவில் நிறுத்திக் கேட்கும் கேள்வி இது: "ஹஜ்ரத், பதினைந்து வருஷம் உழைத்ததில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. பேங்கில் போட்டால் வட்டி. வியாபாரம் எனக்கு வராது. ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டால் மாதாமாதம் ஹலாலாக வந்துகொண்டிருக்குமே?"

நல்ல எண்ணம்தான். வீட்டை வாடகைக்கு விடுவது கூடும் என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வீடு கைக்கு வந்துவிட்டால் வருமானமும் தானாக ஹலாலாகிவிடும் என்று நினைத்துவிடுகிறோம். வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, அந்த வீட்டில் உடன்பிறந்தவளுக்குப் பங்கு இருக்கிறதா, அட்வான்ஸை என்ன செய்கிறோம், கரண்ட் பில்லை எப்படி வசூலிக்கிறோம் என்று நான்கு இடங்கள் இருக்கின்றன. வட்டி வேண்டாம் என்று ஓடி வந்தவர் இவற்றில் ஏதோ ஓரிடத்தில் வட்டியிலோ பிறர் பணத்திலோ கால் வைத்துவிடுகிறார். பெரும்பாலும் அவருக்கே அது தெரிவதில்லை.

மார்க்கக் கணக்குக்கு முன்னால் வெறும் காசுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அதையே பலர் போடுவதில்லை.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் 40 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்குகிறீர்கள், 10,000 ரூபாய் வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,20,000. போட்ட பணத்தில் 3 சதவீதம். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும், அது 10,000. வீட்டு வரி, தண்ணீர் வரி என்று ஒரு 5,000. வெள்ளையடிப்பு, மோட்டார், குழாய், மொட்டை மாடி ஒழுகல் ஆகியவற்றைச் சராசரியாக்கினால் வருடத்துக்கு 15,000. மிஞ்சுவது 90,000, அதாவது 2.25 சதவீதம். மனை விலை ஏறும் என்பார்கள். ஏறலாம், ஏறாமலும் போகலாம். விற்கும்போதுதான் அது பணம். மாதச் செலவுக்கு அதை நம்ப முடியாது.

இதே ஆள் ஏற்கெனவே இருக்கும் தன் வீட்டின் மேல்மாடியில் 600 சதுர அடி கட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 13,20,000. வாடகை 8,000 வந்தால் வருடத்துக்கு 96,000. செலவுக்கு 24,000 போக 72,000. ஏறத்தாழ ஐந்தரை சதவீதம். மனைக்குத் தனியாகப் பணம் போடாததால் வந்த வித்தியாசம் இது. முதன்முதலாக வாடகைக்கு விடுகிறவருக்கு என் யோசனை இதுதான்: புது வீடு தேடி அலைவதற்கு முன் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் மாடியைப் பாருங்கள். அஸ்திவாரம் தாங்குமா என்று ஓர் இன்ஜினீயரிடம் கேளுங்கள். பிளான் அப்ரூவல் வாங்குங்கள். மாடிப்படியை வெளிப்பக்கமாக வையுங்கள். உள்ளே வைத்துவிட்டு, குடித்தனக்காரர் ஏறி இறங்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் முக்காட்டைத் தேடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கரண்டுக்குத் தனி சர்வீஸ் வாங்குங்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று. சேமிப்பு முழுவதையும் செங்கல்லில் போட்டுவிடாதீர்கள். அவசரம் என்று வந்தால் ஓர் அறையை மட்டும் விற்று ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாது.

கடன் வாங்கி வாங்கலாமா?

"வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிவிடும்" என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். வங்கி வீட்டுக்கடன் வட்டி என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஏஜெண்ட் சொல்லும் கணக்கும் உண்மையில்லை. 30 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை 26,000 ரூபாய்க்குச் சற்று மேலே. மேலே சொன்ன வீட்டின் வாடகை 10,000. மீதி 16,000 உங்கள் சட்டைப்பையிலிருந்துதான் போகும். குடியிருக்க வீடே இல்லாதவரின் நிலைமையை உலமாக்கள் தனியாகப் பேசுகிறார்கள். வருமானத்துக்காக வாங்கும் இரண்டாவது வீட்டுக்கு அந்த நிர்ப்பந்தம் எதுவும் கிடையாது.

இந்தியாவில் வட்டியில்லா வங்கிக்கு வழி திறக்கும் என்று பல வருடம் பேசப்பட்டது. அந்த யோசனையை மேலும் தொடரப்போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் தெரிவித்துவிட்டது. ஆகவே நமக்குக் கைவசம் இருக்கும் வழி கூட்டுதான்.

அண்ணன் தம்பி, மச்சான், நம்பிக்கையான நண்பர் சேர்ந்து வாங்கலாம். 20 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்கு நீங்கள் 8 லட்சம், உங்கள் மச்சான் 12 லட்சம் போடுகிறீர்கள். வாடகை 7,500 வந்தால் உங்களுக்கு 3,000, அவருக்கு 4,500. கையில் காசு சேரச் சேர அவருடைய பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை இருக்கிறது. "என்ன ஆனாலும் உன் 12 லட்சத்தை அப்படியே திருப்பித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது கடன். அவர் வாங்கும் 4,500 வட்டி. பங்கை வாங்கும் நாளில் என்ன விலையோ, அன்றைக்கு இருவரும் என்ன விலைக்குச் சம்மதிக்கிறீர்களோ அதுதான் விலை. மாடி ஒழுகினால் செலவும் 40-க்கு 60. இருவர் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டால் நம் ஊர்களில் சுற்றுகிற ஒரு பேச்சையும் அடையாளம் காணலாம். "பத்து லட்சம் கொடுங்கள், கட்டடம் கட்டுகிறோம், வாடகைக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 10,000 வாடகை தருகிறோம், கேட்டால் முதலைத் திருப்பித் தருகிறோம்" என்பார்கள். தாடியும் தொப்பியும் வைத்தவர்கூட வந்து சொல்வார். வீடு எங்கே, பத்திரத்தில் என் பெயர் எங்கே என்று கேளுங்கள். பதில் வராது. வாடகை என்பது அங்கே வட்டிக்குப் போட்ட பெயர். முதலும் திரும்பி வருவது சந்தேகம்.

யாருடைய வீடு?

வாங்கும்போது மூலப்பத்திரம், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடம் வக்ஃபு சொத்தில் வருகிறதா என்றும் கேளுங்கள். பிற்காலத்தில் வக்ஃபு என்று தெரியவந்து தலையில் கை வைத்தவர்கள் உண்டு. (வக்ஃபு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பள்ளிவாசல் கடையை தாத்தா காலத்து வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, அதை வேறொருவருக்குப் பல மடங்குக்கு உள்வாடகை விட்டுச் சாப்பிடுகிறவர்களும் தங்களை "வாடகை வருமானக்காரர்" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.)

புதிதாக வாங்காமல், வாப்பாவின் வீட்டை வாடகைக்கு விட்டு இந்தத் தொழிலுக்குள் வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம். இங்கேதான் ஒரு பெரிய பாவம் சத்தமில்லாமல் நடக்கிறது. வாப்பா மௌத்தாகிப் பத்து வருடம் ஆகியிருக்கும். பாகம் பிரிக்கவில்லை. மூத்த மகன் வீட்டை வாடகைக்கு விட்டுப் பராமரிக்கிறார், வாடகையையும் அவரே வைத்துக்கொள்கிறார். கேட்டால், "விற்கும்போது தங்கச்சிகளுக்குப் பங்கு கொடுத்துவிடுவேன்" என்பார். விற்கும் நாள் வரைக்கும் காத்திருக்கச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. வாப்பா கண்ணை மூடிய அன்றைக்கே வீடு வாரிசுகள் அனைவருக்கும் சொந்தமாகிவிட்டது. அன்றிலிருந்து வரும் ஒவ்வொரு மாத வாடகையிலும் அவரவர் பங்கு இருக்கிறது.

இறந்தவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என்று வைத்துக்கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் போக மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி, மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரியும். மாத வாடகை 12,000 என்றால் உம்மாவுக்கு 1,500, மகன் ஒவ்வொருவருக்கும் 3,500, மகள் ஒவ்வொருவருக்கும் 1,750. பழுது பார்த்த செலவையும் வரியையும் கழித்துவிட்டு இப்படிப் பிரிக்கலாம். மாதம் 1,750 ரூபாய் சின்னத் தொகையாகத் தெரிகிறது. பத்து வருடத்துக்கு அது 2,10,000. கணவனை இழந்தோ தலாக் ஆகியோ உட்கார்ந்திருக்கும் ஒரு தங்கைக்கு அது என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவள் கேட்கவில்லை என்பது விட்டுக்கொடுத்தாள் என்று ஆகாது. அண்ணனிடம் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடுமோ என்று பயந்து வாய் திறக்காத பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

அட்வான்ஸும் ஒத்தியும்

ஃபிக்ஹு நூல்களில் இஜாரா என்ற பாடத்தைத் திறந்தால் முதலில் வருவது இதுதான்: வாடகைக்கு விடுகிறவர் வீட்டை விற்கவில்லை, அதில் குடியிருக்கும் பயனைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கிறார். வாடகை அந்தப் பயனின் விலை. காலமும் விலையும் தெளிவாக இருக்க வேண்டும். சூரா அல்கஸஸில் மத்யனில் மூஸா (அலை) அவர்களுக்கும் அந்த முதியவருக்கும் நடந்த உடன்படிக்கையைப் பாருங்கள். எட்டு வருடம் என்று காலம் சொல்லப்படுகிறது, பத்தாக நீட்டுவது மூஸாவின் விருப்பத்துக்கு விடப்படுகிறது, சிரமப்படுத்த மாட்டேன் என்ற உறுதியும் உடனே தரப்படுகிறது. அது வேலைக்கான உடன்படிக்கை என்றாலும் இஜாராவின் அடிப்படை எல்லாமே அதில் இருக்கிறது.

இந்த அடிப்படையை வைத்துக்கொண்டு அட்வான்ஸுக்கு வருவோம். குடித்தனக்காரர் தரும் அட்வான்ஸ் உங்கள் வருமானம் கிடையாது. அதைத் தொடாமல் வைத்திருந்தால் அமானத். எடுத்துச் செலவழித்தால் உங்கள் தலையில் ஏறிய கடன். நடைமுறையில் என்ன நடக்கிறது? வீட்டு வேலை கடைசிக் கட்டத்தில் நிற்கும்போது ஆளைப் பிடித்து அட்வான்ஸை வாங்கி டைல்ஸ் போடுகிறோம். அவர் காலி செய்யும்போது கையில் பணமில்லை. "அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன்" என்கிறோம். அவர் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வழியில்லாமல் வெளியே கடன் வாங்குகிறார், சில நேரம் வட்டிக்கு. அந்த வட்டியில் நமக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இருந்தது, இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம், இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று மாதம் வாங்குங்கள், தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். அட்வான்ஸை நம்பித்தான் கட்டடம் முடிக்க முடியும் என்றால் நீங்கள் இன்னும் ஆறு மாதம் பொறுத்திருந்து தொடங்க வேண்டியவர்.

அட்வான்ஸ் பெரிதாகப் பெரிதாக வாடகை சிறிதாவது இதன் அடுத்த படி. "இரண்டு லட்சம் தந்தால் வாடகை 6,000, ஐந்து லட்சம் தந்தால் 2,000" என்கிறோம். கடைசிப் படி ஒத்தி. லீஸ் என்றும் போக்கியம் என்றும் சொல்வார்கள். ஐந்து லட்சம் கொடுத்து மூன்று வருடம் வாடகையில்லாமல் இருப்பது, போகும்போது ஐந்து லட்சத்தையும் முழுதாக வாங்கிக்கொள்வது. தென் மாவட்டங்களில் இது சாதாரணம், நம் மஹல்லாக்களிலும் சாதாரணம். "நான் வட்டி வாங்கவில்லையே, வீடுதானே கொடுத்தேன்" என்பார் உரிமையாளர். "நானும் வட்டி வாங்கவில்லை, என் பணம்தானே திரும்பி வந்தது" என்பார் குடியிருந்தவர். ஐந்து லட்சம் திரும்பி வர வேண்டிய பணம் என்றால் அது கடன். கடன் கொடுத்தவருக்கு அதற்காக மூன்று வருடக் குடியிருப்பு கிடைத்திருக்கிறது. கடனை நிபந்தனையாக வைத்துப் பெறும் பயன் ரிபா. அது ரொக்கமாக வந்தால் என்ன, மூன்று அறையாக வந்தால் என்ன? பிற்கால ஹனஃபி அறிஞர்கள் சிலர் அனுமதித்த பைஉல் வஃபாவைச் சிலர் ஆதாரம் காட்டுகிறார்கள். அதையும் ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1992-இல் ஆராய்ந்து, கடனுக்குப் பயன் பெறும் தந்திரம்தான் அது என்று கூடாதென முடிவு செய்தது.

ஏற்கெனவே ஒத்தியில் மாட்டியிருப்பவர்கள் என்ன செய்வது? வழி இருக்கிறது. அந்த வீட்டுக்கு நியாயமான வாடகை 6,000 என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். மூன்று வருடத்துக்கு 2,16,000. ஐந்து லட்சத்தில் அந்தத் தொகையை முன்கூட்டியே வாங்கிய வாடகையாக எழுதிக்கொள்ளுங்கள். மீதி 2,84,000-ஐத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உடனே முடியாவிட்டால் வாடகையைக் குறைக்காத வெறும் கடனாக நாள் குறித்து எழுதுங்கள். மொத்தமாக முன்பணம் தருவதற்காக 6,000-ஐ 5,500 ஆக்கிக்கொண்டாலும் தவறில்லை. ஏனென்றால் அது திரும்பி வராத பணம், வாடகையின் விலைதான் பேசப்படுகிறது. மூன்று வருடத்துக்கான ஒப்பந்தம் என்பதால் அதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகைக்கு அது அவசியம்.

எழுதி வைக்க வேண்டியவை

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கற்பிக்கிறது. நாமோ "நம்ம ஆளுதானே" என்று வாய்ப் பேச்சில் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். புதிய சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாதம் என்று ஸ்டாம்பு பேப்பரில் எழுதி பீரோவில் வைத்துக்கொள்வது போதாது.

அதில் வாடகைத் தொகை, தேதி, காலம், அட்வான்ஸ் எவ்வளவு, எதற்கெல்லாம் பிடிக்கலாம், புதுப்பிக்கும்போது எவ்வளவு உயர்வு என்பதெல்லாம் இருக்கட்டும். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் "பக்கத்து வீட்டில் இரண்டாயிரம் கூட வாங்குகிறார்கள்" என்று உயர்த்த முடியாது. பேசிய விலை பேசியதுதான். உரிமையாளரோ குடித்தனக்காரரோ இறந்தால் என்ன என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஹனஃபி மத்ஹபில் ஒப்பந்தம் செய்தவர் இறந்தால் இஜாரா முறியும், ஷாஃபியில் காலம் முடியும்வரை தொடரும். கடற்கரை ஊர்க்காரரின் வீட்டில் உள்நாட்டுக் குடும்பம் குடியிருக்கும் நம் ஊர்களில் இது வெறும் கிதாபு விஷயம் இல்லை.

பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பதில்தான் சண்டைகள் வருகின்றன. பயனை விற்றவர் அந்தப் பயன் கிடைக்கும்படி வீட்டை வைத்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு. சட்டமும் அநேகமாக அதையே சொல்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சுவிட்சு, சாக்கடை அடைப்பு, உடைந்த கண்ணாடி போன்றவை குடியிருப்பவருக்கு. குடியிருப்பவர் அமீன், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டவர். அலட்சியமோ வரம்பு மீறலோ இல்லாமல் தேய்ந்து போனதற்கு அவரிடம் காசு பிடிக்க முடியாது. மூன்று வருடம் குழந்தைகளோடு ஒரு குடும்பம் வாழ்ந்த சுவர் அழுக்காகத்தான் இருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் வாடகை வாங்கினீர்கள். சாவி கொடுக்கும் அன்று செல்போனில் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

கரண்ட் பில் விஷயம் சின்னதாகத் தெரியும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர் சப் மீட்டர் வைத்து, இலவச யூனிட்டையும் சேர்த்து, முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று வசூலிக்கிறார். மின்வாரியத்துக்கு 900 கட்டிவிட்டு, "ஈ.பி. பில்" என்று சொல்லி 1,600 வாங்கினால் அந்த 700 பொய் சொல்லி வாங்கிய பணம். பராமரிப்புச் செலவு இருக்கிறது என்றால் அதை வாடகையில் சேர்த்து முன்பே சொல்லிவிடலாம், ஹலாலாக இருக்கும். தனி சர்வீஸ் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். பில் அவர் கைக்கே போய்விடும்.

வாடகை தாமதமானால் நாளைக்கு 100 ரூபாய் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். தவணை கடந்த வாடகை ஒரு கடன். கடன் தாமதத்துக்கு உரிமையாளர் வாங்கும் கூடுதல் தொகை மறுபடியும் வட்டிக் கதவைத்தான் திறக்கிறது. அதற்குப் பதில், இரண்டு மாதம் தவறினால் காலி செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பது குர்ஆன் சொல்லும் வழி. ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் என்றாலே வசதியானவர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே ஒரு போர்ஷன் வாடகையில் மருந்தும் அரிசியும் வாங்கும் கைம்பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். புது பைக் வாங்கிவிட்டு அவர்களுக்கு வாடகை இழுத்தடிக்கும் இளைஞருக்குக் கஷ்டம் என்று பெயரில்லை. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடமும் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்திக் காலி செய்ய வைக்கக் கூடாது, சட்டப்படி அது குற்றம். வாடகை அதிகாரியிடமும் வாடகை நீதிமன்றத்திலும் போவதுதான் முறை. கையில் எழுத்து இருந்தால்தான் அங்கேயும் பேச முடியும்.

யாருக்கு விடுவது? முஸ்லிம் என்று தெரிந்ததும் "வீடு முடிந்துவிட்டது" என்று சொல்லக் கேட்ட அனுபவம் சென்னையில் வீடு தேடிய நம் பிள்ளைகள் பலருக்கும் இருக்கும். அந்த வலியை அறிந்த நாம், மாற்று மதக் குடும்பமோ தலித் குடும்பமோ வந்து நிற்கும்போது அதே பொய்யை நம் வாசலில் சொல்லலாமா? முஸ்லிமல்லாதவருக்குக் குடியிருக்க வீடு விடுவதில் மார்க்கத் தடை எதுவும் இல்லை. கடையாக விடும்போதுதான் பார்க்க வேண்டும். மதுக்கடை, வட்டிக்கடை, வங்கிக் கிளை போன்றவற்றுக்குத் தெரிந்தே இடம் கொடுப்பது கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. வங்கி நல்ல வாடகை தரும், ஒழுங்காகத் தரும் என்பது உண்மை. சோதனை அதில்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு விடுகிறவர்களுக்கு

உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் வாடகை அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்கு வர வேண்டும். அவருக்கு வாடகை தருபவர், தொகை சிறியதானாலும், 30 சதவீத வருமான வரியும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். குடித்தனக்காரர்களில் பலருக்கு இது தெரியாது. ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடுங்கள். வாடகை வருமானத்தில் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைச் செலவுக்கென்று கழித்த பிறகே வரி கணக்கிடப்படும் என்பதால், கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பக் கிடைக்கும்.

ஊரில் பார்த்துக்கொள்ள மனைவிக்கோ தம்பிக்கோ பவர் எழுதும்போது வாடகைக்கு விடவும், வசூலிக்கவும், காலி செய்விக்கவும் மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் சேர்த்து எழுதும் பொதுப் பவர் தேவையில்லை. தம்பி நல்லவராகவே இருக்கலாம். அவருக்கும் ஒரு நாள் பணமுடை வரும்.

ஜகாத் பற்றிக் கேட்பார்கள். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் விலைக்கு ஜகாத் இல்லை. அதன் வாடகையில் செலவுபோக மிஞ்சியது உங்கள் மற்ற ரொக்கம், வியாபாரச் சரக்கோடு சேர்ந்து நிஸாபை அடைந்து சந்திர வருடம் ஒன்று பூர்த்தியானால் 2.5 சதவீதம். ஜித்தா ஃபிக்ஹு அகாடமி 1985-இல் எடுத்த முடிவும் இதுவே. விலை ஏறியதும் விற்பதற்காகவே வாங்கிப் போட்ட மனை என்றால் அது சரக்கு. ஒவ்வொரு வருடமும் அன்றைய சந்தை விலைக்கு ஜகாத் உண்டு. வீட்டை வாங்கும்போது எந்த எண்ணத்தில் வாங்குகிறோம் என்பதை அன்றே தீர்மானித்துக்கொள்வது நல்லது. அட்வான்ஸ் பணத்தைச் செலவழித்திருந்தால் அது உங்கள் கடன். ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி கடன் ஜகாத்தைத் தடுக்காது, கழிக்க முடியாது. செலவழிக்காமல் தனியே அமானத்தாக வைத்திருந்தால், உங்கள் ஜகாத் கணக்கில் அந்தப் பணம் வரவே வராது.